உச்சிமாகாளி தெருவின் நீளம்

பனையடிப்பட்டியில் உச்சிமாகாளி தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. மேற்குக் கோடியில் உலகம்மாள் வீடு, கிழக்குக் கோடியில் பஸ் நிறுத்தம், நடுவே ஓர் அடிபம்பு, அதைத் தாண்டி ஒரு ரைஸ்மில், இரண்டு பக்கமும் வீடுகள். உலகம்மாள் வாக்கப்பட்டு வந்த நாளில் அவள் வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நூற்று நாற்பது தப்படி. இன்றைக்கு அதே தெருவை அதே கால் நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். எப்படி நீண்டது என்று கேட்டால் ஊரில் யாரும் கண்ணை அகல விரிக்கமாட்டார்கள். "அது உலகம்மா பூட்டப் பாக்கத் திரும்புனதுல நீண்டது" என்று, மழையில் குளம் பெருகியதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, நீங்கள் வந்த வேலை என்ன என்று கேட்பார்கள். அந்த மூன்று கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவள் பெற்ற மகளும் மாட்டிக்கொண்ட கதை இது.

அந்த வீட்டுக்குப் பூட்டு வந்ததே பிந்தித்தான். மாமியார் இருந்தவரை வீட்டில் ஆள் இருந்தது. மாமியார் போனபின் மகள் ஆவுடைச்செல்வி இருந்தாள். புருஷன் பூதத்தான் லாரி ஓட்டுகிறவன், அஸ்ஸாம், ஒரிஸா என்று போனால் இருபது நாளைக்கு ஒருமுறைதான் தலை காட்டுவான், ஆனாலும் வீடு ஒருநாளும் ஆளில்லாமல் கிடந்ததில்லை. செல்வியை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தபோது, அவளுக்கு அண்டாவும் குத்துவிளக்கும் சருவமும் வாங்கின அதே பாத்திரக்கடையில், உலகம்மாள் தனக்கென்று ஒரு பூட்டு வாங்கினாள். பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம். மறுவீடு முடித்து மகளை அனுப்பிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு அருகில் இருந்த பால்வாடியில் ஆயா வேலைக்குக் கிளம்பிய திங்கட்கிழமை காலையில், வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் வீட்டைப் பூட்டினாள்.

மறதிக்காரி என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. எந்த வருஷக் கோயில் கொடையில் மழை கொட்டி வில்லுப்பாட்டுக்காரர்கள் ரைஸ்மில்லுக்குள் ஓடினார்கள், எதிர்வீட்டுப் பூலம்மாள் கல்யாணத்தில் ரசத்தில் உப்பு இல்லை என்று முதலில் சொன்னவர் யார், எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தோளில் மச்சம், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பிள்ளையின் பிறந்த நேரம் மறந்துபோனால், பெற்றவர்களே ஜாதகம் எழுத உலகம்மாளிடம் வந்துதான் கேட்பார்கள். கேட்ட மாத்திரத்தில், முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ஆவணி பதினாலு, பால்காரன் வந்துட்டுப் போயிட்டான், சூரியன் இன்னும் மில்லுக் கூரைக்கு ஏறல" என்பாள். அது சரியாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை ரைஸ்மில்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். பூட்டினோமா? பூட்டியது நினைவில் இருந்தது. சாவி திரும்பியது, டக்கென்ற சத்தம், பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தது, எல்லாம் இருந்தது. ஆனால் அது உண்மையில் செய்ததுதானா, அல்லது செய்ய வேண்டும் என்று நினைத்ததைத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறோமா என்று ஒரு சந்தேகம், செருப்புக்குள் புகுந்த கல்லைப்போலச் சின்னதாக உறுத்தியது. கல்லைத் தட்டிவிட்டுப் போய்விடலாம் என்று அவள் திரும்பினாள்.

பூட்டு பூட்டினபடியே தொங்கியது. அதோடு போயிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பின ஆள் பாதி வழியில் திரும்பி வந்தால் வாசலோடு மறுபடி போகக் கூடாது. வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புதிதாகக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் போகிற காரியம் உருப்படாது. ஆகவே உலகம்மாள், நன்றாகப் பூட்டியிருந்த பூட்டைத் திறந்தாள், உள்ளே போனாள், முக்காலியில் உட்கார்ந்தாள், செம்பில் தண்ணீர் மொண்டு ஒரு மிடறு குடித்தாள், வெளியே வந்து மறுபடி பூட்டினாள். இப்போது பூட்டியதற்கு அவளிடம் இரண்டு ஞாபகம். நினைவில் கேட்கிற இந்த டக், திறப்பதற்கு முந்தியதா பிந்தியதா? இந்தத் தடவை அவளால் அடிபம்பைக்கூடத் தாண்ட முடியவில்லை.

அன்றைக்கு ஏழுதரம் திரும்பினாள். சாயங்காலம் ரைஸ்மில் முதலாளி தன் மில்லுக்கும் அடிபம்புக்கும் நடுவே ஏழு தப்படி நீளத்துக்குப் புதுச் செம்மண் கிடப்பதைப் பார்த்தார். எறும்பு ஊராத மண், ஒரு காலடித் தடமில்லை, ஒரு பீடித்துண்டு இல்லை. "எவம்ல இங்க மண்ணு அடிச்சது?" என்று சத்தம் போட்டார். எவனும் அடிக்கவில்லை. மில்லும் அதற்குக் கிழக்கே இருந்த வீடுகளும் பால்வாடியும் பஸ் நிறுத்தமும் ஏழு தப்படி தள்ளிப் போயிருந்தன. ஒரு சுவரில் கீறல் விழவில்லை, ஒரு பானை உருளவில்லை, கரண்டுக் கம்பி மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருந்தது.

மறுநாள் ஒன்பது, அதற்கு மறுநாள் ஐந்து, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு. அவள் எத்தனைதரம் திரும்பினாளோ அத்தனை தப்படி. கணக்கு ஒத்துவருவதைக் கண்டுபிடித்தது பூலம்மாள்தான், அவள் வாசல் தெளிக்கிற நேரமும் உலகம்மாள் கிளம்புகிற நேரமும் ஒன்று. "மைனி, நீங்க திரும்பத் திரும்பத் தெரு வளருது பாத்தியளா" என்று அவள் சொன்னபோது, உலகம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயை விட்டு நீங்குவதற்குள் பூட்டின் ஞாபகம் வந்து திரும்பினாள்.

தாலுகா ஆபீசிலிருந்து சர்வேயர் சங்கிலியோடு வந்தார். காலையில் அளந்ததற்கும் மத்தியானம் அளந்ததற்கும் எட்டு மீட்டர் வித்தியாசம் வந்தது. வெயிலில் சங்கிலி சுருங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். காளி கோயில் சப்பரம் தூக்குகிறவர்கள் மட்டும், தெரு இப்படியே போனால் சுமைக்கு ஆள் கூட்ட வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். அடுத்த கொடைக்கு ஆள் கூட்டினார்கள். அவ்வளவுதான், ஊர் பழகிவிட்டது.

உலகம்மாளுக்குத்தான் பழகவில்லை. எதையும் பார்க்கப் பார்க்கத் தெளியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவளுக்குப் பார்க்கப் பார்க்க மங்கியது, கறை போகட்டும் என்று கசக்கிக் கசக்கிச் சாயம் போன சீலையைப்போல. முந்தானையில் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். அது இன்றைய முடிச்சா நேற்று அவிழ்க்க மறந்ததா என்று நின்றாள். "செவ்வாக்கிழமை, பூட்டிட்டேன், செவ்வாக்கிழமை, பூட்டிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அடிபம்பை நெருங்குவதற்குள் வார்த்தை தேய்ந்து வெறும் சத்தமாகிவிட்டது. மகள் போனில் சொன்ன யோசனைப்படி பூட்டைப் படம் எடுத்து வைத்தாள். படத்தில் பூட்டு பூட்டித்தான் இருந்தது, எடுத்த நேரம்கூட இருந்தது, ஆனால் எடுத்தபிறகு திறக்கவில்லை என்று அந்தப் படம் சொல்லுமா?

கடைசியில் பூலம்மாளைச் சாட்சிக்கு நிறுத்தினாள். "பூட்டிட்டிய மைனி. இந்தக் கண்ணால பாத்தேன். போயிட்டு வாங்க."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாத்தான் பாத்தேன்."

"நீ பாத்தது இப்பமா, கொஞ்சம் முந்தியா?"

பூலம்மாள் யோசித்தாள். யோசித்திருக்கக் கூடாது. "இப்பம்னுதான் நினைக்கேன்" என்றாள், அன்றிலிருந்து அவளும் சாம்பாருக்கு உப்புப் போட்டோமா என்று கரண்டியும் கையுமாக நிற்கத் தொடங்கினாள். சாட்சி கேட்டவளோடு சாட்சி சொன்னவளும் கெட்டாள் என்று பூலம்மாள் புருஷன் திட்டினான், ஆனாலும் இரண்டுதரம் உப்புப் போட்ட சாம்பாரைத்தான் தின்றான்.

நாலு மாதத்தில் பால்வாடி வேலை போனது. பிள்ளைகள் மத்தியானச் சோறு தின்று படுத்துத் தூங்குகிற நேரத்துக்கு ஆயா வந்து சேர்ந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனபின் அவள் காய் வாங்க, மாத்திரை வாங்க, மகளைப் பார்க்க என்று கிளம்பினாள். கிளம்பிக் கிளம்பித் திரும்பினாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள், ஆட்டோவிலிருந்து குதித்துத் திரும்பினாள். பூதத்தான் ஒருமுறை லாரியையே வாசலுக்குக் கொண்டுவந்து, தானே பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு அவளை ஏற்றிப் போனான். புளியங்குடி தாண்டியதும், "ஏங்க, நீங்க பூட்டுனதை நான் பாத்தேனா?" என்றாள். அவன் லாரியைத் திருப்பினான். வீட்டு வாசலில் இறங்கியபோது அந்த ஆறடி ஆள் ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, இறங்கிப் போய்ப் பூட்டைப் பார்த்தாள்.

இதற்குள் புதுமண்ணில் முதலில் எறும்பு வந்தது, பிறகு எருக்கு முளைத்தது, பிறகு தரகர் பால்வண்ணன் வந்தார். அவர் வெள்ளை வேட்டியும் கையில் சுருட்டிய வரைபடமுமாக இரண்டு நாள் அந்தச் செம்மண்ணில் மேலும் கீழும் நடந்தார், மூன்றாம் நாள் கல் நட்டார், நாலாம் நாள் 'உலகம்மாள் நகர்' என்று போர்டு வைத்தார். கீழே 'பஸ் நிறுத்தம் நடக்கும் தூரம்' என்று சிவப்பு எழுத்து. பஸ் நிறுத்தம் தள்ளிப்போகப் போக அந்தச் சிவப்பு எழுத்தை மட்டும் மூன்றுதரம் மாற்றி எழுதினார், கடைசியில் 'அமைதியான சூழல்' என்று எழுதிவிட்டார். யாருடைய பாட்டன் நிலமும் இல்லாத மண், வரப்புச் சண்டை இல்லாத மண், ஆகவே ஜனம் அலைமோதியது. நூறு வீடு எழும்பியது, பிறகு இருநூறு. ஒரு பிள்ளையார் வந்தார், இரண்டு பலசரக்குக் கடை, ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. அந்த மண்ணில் குடியிருக்கிறவர்கள் எல்லாருக்கும் வீட்டை விட்டு இறங்கினால் ஒருதரமாவது திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்ததென்று சொல்வார்கள், ஆனால் சொந்த வீடு கிடைத்தவனுக்கு அது ஒரு குறையா?

ஒரு வைகாசி மாதத்தில் பிள்ளையார் கோயில் முன்னால் பந்தல் போட்டு மருத்துவ முகாம் நடத்தினார்கள். மதுரையிலிருந்து ஒரு மனநல டாக்டரம்மா வந்திருந்தாள், சின்னப் பெண். பந்தல் உலகம்மாள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்ததால், பதினாலுதரம் திரும்பிய பிறகு அவளால் அங்கே போய் உட்கார முடிந்தது. டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டாள். கொடைகள் பற்றி, மச்சங்கள் பற்றி, பிறந்த நேரங்கள் பற்றியெல்லாம் கேட்டாள்.

"உங்க ஞாபகத்துல ஒரு ஓட்டையும் இல்லம்மா. எனக்கே அது இருந்தா நல்லாயிருக்கும். நீங்க அதை நம்ப மாட்டேங்கிறீங்க, அவ்வளவுதான். நம்பாம எடுத்து எடுத்துப் பார்த்தா அது இன்னும் மங்கும். ஒரே ஒரு தடவை பூட்டுங்க, திரும்பாம நடங்க. நெஞ்சு பதறும். பதறட்டும். அது ஏறி, நின்னு, தானா இறங்கும். மாத்திரையும் தர்றேன், ஆனா நடக்க வேண்டியது நீங்கதான்."

இதை உலகம்மாள் மட்டும் கேட்கவில்லை, பந்தலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அன்று சாயங்காலமே பிள்ளையார் கோயிலில் கூட்டம் கூடியது. அவள் திரும்புவதை நிறுத்தினால், நீண்ட தெரு நீண்டபடி நிற்குமா, வந்த வழியே போகுமா? போனால் அதன் மேல் நிற்கிற வீடு எங்கே போகும், வீட்டுக்குள் இருக்கிற பீரோ எங்கே போகும், பிள்ளைகள் எங்கே போகும்? பால்வண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்த அக்காளுக்கு நாம ஒரு கெடுதலும் நினைக்கப்பிடாது. அவ பேருலதான் நாம இருக்கோம். போறப்ப வாரப்ப சும்மா ஒரு வார்த்தை விசாரிப்போம். விசாரிக்கிறதுல என்ன தப்பு இருக்கு?"

மறுநாள் காலை உலகம்மாள் மாத்திரையை விழுங்கினாள், ஒரே ஒரு தடவை பூட்டினாள், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். நூறு தப்படியில் உள்ளங்கை வேர்த்தது. இருநூறில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வீடு திறந்து கிடக்கிறது, திருடன் நுழைகிறான், செல்வி சின்ன வயதில் போட்ட கவுனை எடுத்துக்கொண்டு போகிறான் என்று கண்ணுக்கு முன்னால் ஓடியது. முந்நூறில், டாக்டரம்மா சொன்னது மெய்தான், அது ஏறி நின்று, இறங்கலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. அப்போது கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, பிரியமாகவே கேட்டாள்: "என்னக்கா, வீட்டப் பூட்டிட்டியளா?"

அவள் கெட்டவள் இல்லை. பதினொரு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் சொந்தச் சுவரில் முதல் ஆணி அடித்தவள். கேட்டுவிட்டுக் கோலப்பொடிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டாள். உலகம்மாள் திரும்பினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் விசாரித்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் விசாரித்தார், ஷேர் ஆட்டோக்காரன் விசாரித்தான், பிள்ளையாருக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெரியவர் விசாரித்தார். யார் முகத்திலும் கேலி இல்லை. காய் வாங்கித் தந்தார்கள், கரண்டு பில் கட்டித் தந்தார்கள், பொங்கலுக்கு அவள் வாசலில் கரும்புக் கட்டை வைத்துவிட்டுப் போனார்கள். கைதிக்கு இத்தனை மரியாதை செய்த ஜெயில் வேறெங்கும் இருக்காது.

செல்வி உண்டானாள். அவள் போனில் சொன்னபோது உலகம்மாள் தெருவே கேட்கும்படி குலவை போட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்பு, தாய் வந்து முதல் வளையல் போட்டு, தன் கையால் மகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். உலகம்மாள் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் எடுத்து மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள். புதன்கிழமை வளைகாப்பு, அவள் திங்கட்கிழமையே கிளம்பினாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வளையலை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். புதன்கிழமை மத்தியானம் ஆயிரத்து அறுநூறாவது தப்படியில் செல்வி போன் செய்தாள்.

"எங்கம்மா இருக்க?"

"வந்துட்டே இருக்கேன் தாயி."

"எல்லாம் முடிஞ்சுட்டும்மா. இவங்க சின்ன அத்தை வளையல் போட்டாங்க. பெத்தவ வராத பிள்ளைய எப்படி அனுப்பன்னு மாமியார் சொல்லுதாவ."

உலகம்மாள் தெருவிலேயே உட்கார்ந்தாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். அந்த ஆத்திரத்திலாவது நாலு எட்டு முன்னால் போயிருக்கலாம். போகவில்லை, எழுந்து, கண்ணைத் துடைத்து, பூட்டைப் பார்க்கத் திரும்பினாள். அந்த மாதம் மட்டும் தெரு நானூறு தப்படி நீண்டது.

ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் செல்வி மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, சொல்லிக்கொண்டது பாதி சொல்லாதது பாதி, ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். "நீ வர வேண்டாம்மா. நான் வாரேன். வாசல்ல மட்டும் இரு." ஆனால் எந்தத் தாய் வாசலில் மட்டும் இருப்பாள்? பஸ் நிறுத்தத்துக்குப் போய் மகளை இறக்கிக் கூட்டி வரலாம் என்று உலகம்மாள் கிளம்பினாள், திரும்பினாள், தண்ணீர் குடித்தாள், கிளம்பினாள், திரும்பினாள். பத்தாவது தரமோ பதினோராவது தரமோ, நடையைச் சாத்தி, கொண்டியை மாட்டி, பூட்டை அதில் தொங்கவிட்டு, சாவியைக் கையில் எடுத்து, இன்னும் அமுக்கவில்லை, அப்போது கிழக்கேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

செல்வி வந்த ஷேர் ஆட்டோ 'அமைதியான சூழல்' போர்டுக்கு முன்னால் வந்தபோது அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஆட்டோ ஆடின ஆட்டத்தில் இனி ஓர் அடி தாங்காது என்று அவள் கத்த, ஆட்டோக்காரன் நிறுத்தினான். 108க்குப் போன் போனது. செய்தி அங்கிருந்து புறப்பட்டு, ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு, உலகம்மாள் நகரின் இருநூறு வாசலையும் கடந்து, அடிபம்புக்கு வந்து, பூலம்மாள் வாய் வழியாக உலகம்மாள் காதுக்குள் விழுந்தது. "மைனி, செல்விக்கு வலி வந்துட்டு, நடுத்தெருவுல கிடக்கா."

உலகம்மாள் பூட்டைப் பார்த்தாள். அது கொண்டியில் வாய் பிளந்து தொங்கியது. பூட்டவில்லை. இதில் முந்தி பிந்தி இல்லை, நேற்று இன்று இல்லை, நினைத்ததா செய்ததா என்ற பேச்சே இல்லை, பூட்டவில்லை. இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக ஒரு விஷயம் அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது. அந்தத் தெளிவோடு அவள் ஓடினாள்.

"மைனி, கதவு!" என்று கூப்பிட வாயெடுத்த பூலம்மாள், போகிற ஆளைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பொத்திய கையோடு தெருவைக் கடந்து போய் உலகம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

வாசல்களில் நின்றவர்கள் பழக்க தோஷத்தில் கேட்டார்கள். "பூட்டிட்டியளா?" "இல்ல." "யக்கா, பூட்டுனியளா?" "இல்ல." அவள் நிற்காமல் ஓடினாள், ஓடிக்கொண்டே இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டு போனாள், இல்ல, இல்ல, இல்ல. அடுத்த வாசல்காரர்கள் கேட்க வந்ததை விழுங்கினார்கள். தெரு அவளுக்கு இரக்கம் காட்டவில்லை. ஒரு தப்படியும் சுருங்கவில்லை, அவள் ஆக்கிவைத்த அத்தனை தூரத்தையும் அவளேதான் ஓட வேண்டியிருந்தது, ஒவ்வொரு தப்படியும் ஒரு திரும்பல், ஒரு மிடறு தண்ணீர், ஒரு டக். சீலை காலில் சிக்கியது, தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு ஓடினாள்.

கோலக்காரப் பெண் தன் வீட்டுப் பாயைக் கொண்டுவந்து விரித்திருந்தாள். பெண்கள் நாலு பக்கமும் சீலையைப் பிடித்து மறைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் பிள்ளை அதற்குள் ஏறச் சம்மதிக்கவில்லை. மகளின் தலையை உலகம்மாள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்வைக்குள்ளிருந்து அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அம்மாவிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தவள், இப்போதும் கேட்டாள்.

"வீட்டப் பூட்டுனியாம்மா?"

"பூட்டலட்டி."

"நிச்சயமா?"

"நிச்சயமா பூட்டல. நீ முக்கு."

செல்வி சிரித்தாள், சிரிப்பு பாதியில் அலறலானது, அலறல் முடிவதற்குள் பெண் குழந்தை வந்து விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உலகத்தில் இல்லாத மண்ணின் மேல் அது பிறந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். வீடு திறந்த வீடாகவே இருந்தது. பூலம்மாள் காவலில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. வீட்டில் இப்போது ஆள் இருந்ததால் பூட்டுக்கு வேலை இல்லை, அது மாடக்குழியில் கிடந்தது. பத்து நாள், பதினைந்து நாள், தெரு வளரவில்லை. சுருங்கவும் இல்லை. உலகம்மாள் நகர்க்காரர்கள் காலையில் எழுந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அதையும் மறந்தார்கள். கோலக்காரப் பெண் பிள்ளைக்குத் தொட்டில் சீலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னை மன்னிச்சிருங்க" என்றாள். "நல்லா இரு தாயி" என்றாள் உலகம்மாள், மனசாரத்தான் சொன்னாள். அவளுக்கே எல்லாம் முடிந்துவிட்டதுபோல இருந்தது.

பதினாறாம் நாள் மத்தியானம் செல்வி உள்ளே தூங்கினாள். தொட்டிலில் பிள்ளை தூங்கியது. உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அசையாமல் கிடந்தது. அவள் விரலைத் துடைத்துக்கொண்டு மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது, வெதுவெதுப்பாக. விரலை எடுத்தாள். இரண்டு பல் பூண்டு உரித்தாள். பட்டது மூச்சுத்தானா, ஜன்னல் காற்றா? மறுபடி வைத்தாள். வந்தது. எடுத்தாள். வந்தது என்று தெரிந்தது இந்தத் தடவையா, முந்தின தடவையா?

அரைமணி நேரம் கழித்துப் பூலம்மாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள். "மைனி, அடிபம்புக்கு அங்கிட்டுப் புதுமண்ணு கிடக்கு. ஆறு தப்படி. பால்வண்ணன் வந்து பாத்துட்டுப் போறாரு."

உலகம்மாள் பூண்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பூலம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், அவளும் தொட்டிலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னபடி நெஞ்சுப் பதற்றம் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கண்ணை விழித்து வீறிட்டு அழுதது. உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. "அழு கண்ணு, நல்லா அழு" என்று, கையை எடுக்காமல், காலால் தொட்டிலை ஆட்டினாள். தெருவுக்கே கேட்கும்படி அது அழுதது. அவள் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

பிறகு பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனது.